பெயரில்லாத இரண்டு சாட்சிகள்

இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சின்னவளோடு ஹட்டனுக்குப் போயிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக்காரி சாக்கை விரித்துக் கொத்தமல்லித் தழை விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வந்த யாரோ ஒரு கட்டை மிதித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த வாசனை எழும்பியதும் எனக்குக் கைகால் உதறத் தொடங்கிவிட்டது. “குளுருதாம்மா?” என்று கேட்டுச் சின்னவள் என் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஊரில் எல்லோருக்கும் கொத்தமல்லி என்றால் துவையல், ரசம். எனக்கு அது பயத்தின் வாசனை என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

வாங்க வேண்டியதைக்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். இப்போது லயத்து வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் படியில் நிற்க வேண்டும். நீங்கள் நின்ற அதே படியில், அதே கேள்விக்காக. வெள்ளிக்கிழமை கணக்கப்பிள்ளை ஐயா வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களை மேலே மலையில் புதைத்த பிறகு இப்படி எழுதிப் பேச நினைத்ததில்லை. ஆனால் இந்தப் பயத்தை வேறு யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்? இதில் எனக்கு முன்னால் நடந்தவர் நீங்கள்தான்.

நீங்கள் தைரியசாலி என்று இப்போது சனங்கள் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். பங்களா நாய் குரைத்தால் நடுரோட்டிலிருந்து ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிடுகிற மனிதர் நீங்கள். அட்டை கடித்தால் நான்தான் பிடுங்கிப் போட வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா தூரத்தில் வருவது தெரிந்தால், தலையில் ஒன்றும் இல்லாத நேரத்திலும் தலைப்பாகையைக் கழற்றுவதற்குக் கை தானாக மேலே போகும். போதகர் ஹட்டனிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசித்து நாலு வார்த்தை பேசுவதற்கு உங்களைப் பிடித்து நிறுத்தினார்களே, முதல் ஞாயிறு பிரசங்கத்தில் உங்கள் குரல் முன்வரிசைப் பாயைக்கூடத் தாண்டவில்லை. எல்லோரும் உபதேசியார் என்று கூப்பிடத் தொடங்கியபோது நீங்கள் வெட்கப்பட்டுத் திங்கட்கிழமை சீக்கிரமாகவே தேயிலை ஸ்டோருக்கு வேலைக்கு ஓடிவிட்டீர்கள். கொழுந்து வாட்டும் அறையில் நின்றால்தான் உங்களுக்கு மூச்சு வரும் என்பீர்கள்.

ராக்கம்மா அக்காவின் மரக்கறிப் பாத்தி ஸ்டோருக்கும் பங்களா வேலிக்கும் நடுவில், ஓடைக் கரையில் இருந்தது. லயத்தில் நம் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராதான் என்றாலும் அவள் நம்ம சபை இல்லை. மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவள். ஆனால் அவள் பாத்தியின் கொத்தமல்லி இல்லாமல் நம் வீட்டில் ஒரு குழம்பும் கொதித்ததில்லை. அவளுடைய மாமனார் வேலை முடிந்து வந்து, மாலை வெளிச்சத்தில் பாறையை உடைத்து உடைத்து உண்டாக்கிய மண் அது. புருஷன் போன பிறகு அவள் ஒருத்தியே கோவாவும் போஞ்சியும் போட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். பழைய துரை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மூலையில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றை நட்டு வைக்கச் சொன்னார். அதுதான் அவளுக்கு உறுதி, உரிமை எல்லாம். நமக்கு எந்த நாடும் இல்லை என்று சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. இரவல் வீட்டில் இருப்பதுபோல எல்லோரும் சத்தம் போடாமல் இருந்த காலத்தில், அந்த வெள்ளைக் கல்லை மட்டும் அவள் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

புதுத் துரை வந்தார். பங்களாவுக்கு மரக்கறித் தோட்டம் போட ஓடைத் தண்ணீர் பாயும் அந்த இடம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக மேட்டில், காற்று அறைகிற கல்லுத் தரையில் ஓர் இடம் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அக்கா பெரட்டுக் களத்திலேயே பதில் சொன்னாள். “எங்க மாமனாரு கல்ல ஒடச்சுப் போட்ட மண்ணுங்க. அதக் குடுத்துட்டு நான் அவரு மொகத்துல எப்புடி முழிப்பேன்?” செத்துப்போன மாமனாரின் முகத்தில்தான் அவள் முழிக்கவேண்டியிருந்தது. துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றிரவு அவர் சாப்பாட்டைத் தொடவில்லை என்று பங்களாக் குசினியில் வேலை செய்தவன் லயமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அதற்குப் பிறகுதான் கணக்கப்பிள்ளை ஐயா நம் இஸ்தோப்புக்கு வந்தார். நம் சபை மனிதர். கோயிலில் நாமெல்லாம் பாயில் உட்கார, அவருக்கு மட்டும் உட்கார மர வாங்கு உண்டு. நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினார். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“உபதேசியாரே, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். உரக் காம்பராப் பக்கமா அந்தப் பொம்பள சாக்கோட போனதப் பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க, போதும். ஒரு கங்காணி சொல்றேன்னுட்டாரு. இன்னொரு வாய் வேணும். ஒங்க வார்த்தன்னா தொர நம்புவாரு.”

எஸ்டேட் உரத்தைத் திருடிச் சொந்தப் பாத்திக்குப் போட்டாள் என்று ஆகிவிட்டால் பத்துச்சீட்டுதான். வேலை போகும், காம்பரா போகும், பாத்தியும் தன்னால் காலியாகிவிடும். நாம் மறுத்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போகும்போது நம் காம்பராவின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தகரம் நல்ல தகரம் என்றார். பிள்ளைகள் இரண்டும் அடுப்படியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. பத்துச்சீட்டோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்த சனங்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்களை எந்தத் துரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு யோசித்ததுதான் வேலை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தீர்கள். நான் திங்கட்கிழமை விசாரணையன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. “பயமா இருக்கு புள்ள. ஆனா ஏழைன்னும் பாக்காத, பெரியவன்னும் பாக்காத, நியாயத்தப் பாருன்னு வாசிச்ச வாயால நான் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டீர்கள்.

அந்த ஞாயிறு நீங்கள் எடுத்தது ராஜாவும் திராட்சைத் தோட்டமும் கதை. வேதத்தில் இருப்பதுதான், சபையில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வம்பு வேண்டாம் என்று நீங்களாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தீர்களே, அங்கேதான் எல்லாம் கெட்டது. பெயர்களை விட்டுவிட்டீர்கள். ராஜாவின் பெயரும் இல்லை, ராணியின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. ஒரு ராஜா இருந்தார், அவர் அரமனைக்குப் பக்கத்தில் ஒரு குடியானவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது, கீரைத் தோட்டம் போட அது வேண்டும் என்று கேட்டார், என் பிதாக்களின் மண்ணைத் தரமாட்டேன் என்று அவன் சொன்னான். இப்படித் தொடங்கினீர்கள்.

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்கு மறந்துபோனதா? பயப்படுகிறவர்களின் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. துரை என்றால் ‘பெரியவரு’. கணக்கப்பிள்ளை என்றால் ‘அவுரு’. ஓடைக்கரையில் பெண்கள் பேசும்போது ஒரு பெயர்கூட வெளியே வராது, ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் இல்லாமல் ஒரு கதை சொன்னால் அது நம் மலையில் நடக்கிற கதை என்றுதான் நம் சனங்களின் காது எடுத்துக்கொள்ளும். நான்கூட உங்கள் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அதுவும் பயம்தானே என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

ராஜா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் என்று நீங்கள் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்காரன் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள் போலும். பொய்சாட்சி சொல்ல இரண்டு பேரைப் பிடித்து உட்கார வைத்தார்கள் என்று நீங்கள் சொல்லும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக வாங்கின் பக்கம் திரும்பின. நீங்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குடியானவனைக் கல்லெறிந்து கொன்றதையும், ராஜா தோட்டத்தை எடுத்துக்கொள்ள இறங்கிப் போனபோது அங்கே தீர்க்கதரிசி காத்துக்கொண்டு நின்றதையும் சொல்லி ஒருவழியாக முடித்தீர்கள். ராஜாவானாலும் அவனுக்கு மேலே ஒரு கணக்குக் கேட்பவர் உண்டு என்றீர்கள். அந்த வரியில் மட்டும் குரல் கதவு வரைக்கும் போனது.

வாசலில் கணக்கப்பிள்ளை ஐயா உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல பிரசங்கம். யாரப் பத்தின்னு எல்லாருக்கும் வெளங்குச்சு” என்றார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, பெயர் சொன்னால் வம்பு என்றுதானே விட்டேன் என்று குழந்தை மாதிரிக் கேட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அடக்க முடியவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் அது வேதத்துக் கதையாக இருந்திருக்கும், விட்டதால் நம் தோட்டத்துக் கதையாகிவிட்டது என்று கத்தினேன். பிறகு இரண்டு பேருமாகப் பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்து வைத்தோம். எங்கே போவதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ராக்கம்மா அக்கா வந்தாள். ‘இந்த மண் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும்’ என்று பழைய துரை வாயால் சொன்னார், கல் நட்டபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள், அதைக் கேட்டேன் என்று நாளைக்குச் சொல்லுங்கள், அது போதும் என்றாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தீர்கள். கல் நட்டதைப் பார்த்தேன் அக்கா, அந்தச் சொல்லை நான் கேட்கவில்லையே என்றீர்கள். அவள் அழுதாள். நானும் அவளுக்காகக் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே, நல்லதுக்குத்தானே என்றேன். பெரியவருக்காகச் சொல்லாத பொய்யை அக்காவுக்காக மட்டும் எப்படிச் சொல்வேன் என்று முனகினீர்கள். அன்றைக்கு உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. இதை உங்களிடமே சொல்வதில் தப்பில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் எங்களைக் கலைய விடவில்லை. ஆபீஸ் படியில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கங்காணி வந்து பார்த்தேன் என்றார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் தலைப்பாகையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஏறினீர்கள். மேல் படியில் கால் தடுக்கியது. துரை தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், உரம் எடுத்தது நீ பார்த்ததா என்று கேட்டார்.

“பாக்கலீங்க தொர.”

குரல் நடுங்கியது. கீழே நின்ற எல்லோருக்கும் அந்த நடுக்கம் கேட்டது. கணக்கப்பிள்ளை ஐயா, பயப்படாமல் யோசித்துச் சொல்லும் என்றார். நீங்கள் யோசித்துப் பார்த்துவிட்டு அதையே மறுபடி சொன்னீர்கள். அப்போது அக்கா கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, பழைய துரை சொன்ன சொல்லை இவரிடம் கேளுங்கள் என்றாள். உங்களுக்கு இரண்டாவது தடவையும் உயிர் போய் வந்திருக்கும். “அந்தச் சொல்ல நான் கேக்கலீங்க. வெள்ளக் கல்ல நட்டத மட்டும் பாத்தேங்க” என்றீர்கள். துரை ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கல் அங்கே இல்லை. யாரோ அதற்கு முன்பே பிடுங்கி ஓடையில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

ஒரு வாய்ச் சொல்லை வைத்துத் திருட்டு என்று எழுதத் துரைக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு அவரிடம் நியாயம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்கு வேலையும் காம்பராவும் தப்பின. நிலம் எஸ்டேட் நிலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று மத்தியானமே ஆட்கள் இறங்கிப் பாத்தியை மிதித்துத் துவைத்தார்கள். கொத்தமல்லி அப்போது பூக்கும் பருவம். அந்த வாசனை ஓடையிலிருந்து ஏறி, லயத்துக்குள் வந்து, நம் இஸ்தோப்பில் நின்றது. அடுத்தது நாம்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளை அணைத்தபடி நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

நம்மை வெளியேற்றவில்லை. உங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். மழையில் இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண் எடுக்கும் வேலை. வெதுவெதுப்பான அறையில் வேலை செய்து பழகிய உடம்பு அதைத் தாங்குமா? இருமல் அப்போது பிடித்ததுதான். அக்கா வெகுகாலம் நம்மோடு பேசவில்லை. மேட்டில் கிடைத்த கல்லுத் தரையை அவளும் மாமனார் மாதிரியே உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் உங்கள் இருமல் சுவரைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கொத்தமல்லி அவித்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, இஞ்சி போட்டுச் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். மேட்டுப் பாத்தியில் முதல்முதலாக விளைந்த மல்லி என்றாள். நீங்கள் இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அப்புறம் வருஷக்கணக்காக, உங்களுக்கு நெஞ்சு கட்டும்போதெல்லாம் அந்தச் சொம்பு வந்தது.

கடைசியாக டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் கேட்டேன். இவ்வளவு பயந்த மனிதர் அன்றைக்கு எப்படி அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று. உங்களுக்கு மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

“நான் கதையில பேரயெல்லாம் விட்டேன்ல. அப்புறம் வீட்டுல வந்து வேதத்த எடுத்துப் பாத்தேன். ராசாவுக்குப் பேரு இருக்கு, ராணிக்கு இருக்கு, செத்தவனுக்கும் இருக்கு. பொய்சாட்சி சொன்ன அந்த ரெண்டு பேருக்கு மட்டும் பேரே இல்ல புள்ள. அந்த எடம் காலியாக் கெடக்கு. அதுல எம் பேரு விழுந்துருமோன்னு பயம். தொரைக்குப் பயந்தத விட அதுக்குத்தான் ரொம்பப் பயந்தேன்.”

இப்போது அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். கொழும்பிலிருந்து வேறொருவர் வந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை ஐயா மட்டும் மாறவில்லை, தலை நரைத்திருக்கிறது. மேட்டுப் பாத்தி பச்சைப் பசேலென்று ஆகிவிட்டதல்லவா, அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. சனங்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு தோட்டமெல்லாம் கிடந்து கொதிக்கிறது. போகப் போகிறவளுக்கு எதற்கு நிலம் என்கிறார். அக்கா போகமாட்டேன் என்கிறாள். பார்த்திராத ஊரில் யார் முகத்தில் முழிப்பது என்கிறாள். ஆகவே மறுபடியும் உரச் சாக்கு. பக்கத்துக் காம்பராக்காரி நான், பார்த்தேன் என்று நான் சொன்னால் போதுமாம். சின்னவளுக்கு இப்போதுதான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்திருக்கிறது, காம்பராவில் ஆம்பிளை இல்லை, யோசித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் நயமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டுப் போனாள். நான் ஹட்டனில் நடுங்கியதைச் சின்னவள் அவளிடம் சொல்லியிருக்கிறாள். அதே சொம்பு. நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு உங்களிடம் கேட்டதுபோல இன்றைக்கு என்னிடம் ஏதாவது கேட்பாள் என்று நான் குனிந்தே இருந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. “ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

குடித்தேன். அதே வாசனைதான், ஆனால் உள்ளே இறங்கும்போது சூடாக இருந்தது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைத்துவிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. நீங்கள் விட்டுப்போனவற்றில் வேதப்புத்தகமும் கம்பளியும் இருக்கின்றன. அவற்றோடு அந்தக் காலியிடத்தைப் பற்றிய பயத்தையும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர்கள். துரைக்கு, கணக்கப்பிள்ளைக்கு, கூரைத் தகரத்துக்கு என்று நான் பயப்படுகிற எல்லாவற்றையும்விட அது கொஞ்சம் பெரியதாக இருக்கிறது. அதனால்தான் நாளைக்கு என் கால் அந்தப் படியில் ஏறும் என்று நினைக்கிறேன். சற்றுமுன் அடுப்படியில் தனியாக நின்று “பாக்கலீங்க தொர” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கியது. உங்கள் குரலும் இப்படித்தானே நடுங்கியது.